கீலும் நதியும்

மோசேயின் தாய் யோகெபேத் பிள்ளையை நாணற்பெட்டியில் வைத்து நதியோரம் விட்ட கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். படம் வரைந்து வண்ணமும் தீட்டியிருக்கிறோம். பச்சை நாணல், நீலத் தண்ணீர், நடுவே சிரிக்கிற குழந்தை. அந்தத் தாயின் கையை மட்டும் யாரும் வரைந்ததாக எனக்கு நினைவில்லை. யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெட்டியைத் தண்ணீருக்குக் கொண்டுபோகுமுன் அதற்குப் பிசினும் கீலும் பூசினாள் என்று இருக்கிறது. கீல் பட்ட கை கழுவினாலும் லேசில் வெளுக்காது. கறுப்பேறிய விரல்களோடுதான் யோகெபேத் பிள்ளையைத் தூக்கி உள்ளே கிடத்தியிருப்பாள்.

அதற்கு முன் மூன்று மாதம் அவனை வீட்டிலேயே ஒளித்து வைத்திருந்தார்கள். எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 11ஆம் அதிகாரம் விசுவாசிகளை வரிசையாகச் சொல்லி வரும்போது மோசேயின் பெற்றோரையும் சேர்த்துக்கொள்கிறது. எதற்காகத் தெரியுமா? நதியில் விட்டதற்காக அல்ல, மூன்று மாதம் ஒளித்து வைத்ததற்காக. குழந்தை அழுதால் வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டதும், வருகிறவர் போகிறவரிடம் வாய் திறக்காமல் இருந்ததும் விசுவாசக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. பிள்ளைக்காக முன்யோசனையோடு ஒரு காரியம் செய்யும்போதெல்லாம், 'நான் ஆண்டவரை நம்பாமல் இருக்கிறேனோ' என்று மனம் குத்துகிற தாய்மார் நம் சபைகளில் நிறையப் பேர். அவர்கள் இந்த ஒரு வசனத்தை நிதானமாக வாசித்தால் போதும், பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மீதிப் பாதிதான் கஷ்டம். கீல் பூசி முடித்த பிறகு பெட்டியை விட்டுக் கையை எடுக்க வேண்டும். எபிரெய மூலத்தில் இந்த நாணற்பெட்டிக்கும் நோவாவின் பேழைக்கும் ஒரே சொல்தான். இரண்டுக்கும் கீல் பூசினதாக வேதம் சொல்கிறது. இரண்டிலும் சுக்கான் இருந்ததாக ஓரிடத்திலும் சொல்லவில்லை.

பிள்ளைகளைப் பற்றிய கவலையில் நாம் தத்தளிப்பது பெரும்பாலும் கீல் பூசுவதும் கையை எடுப்பதும் ஒன்றோடொன்று குழம்பிப்போவதால்தான். கீல் பூச வேண்டிய நேரத்தில் முழங்காலில் நிற்கிறோம். கையை எடுக்க வேண்டிய நேரத்தில் காய்ந்த கீலின்மேல் மறுபடி மறுபடி கீல் பூசிக்கொண்டிருக்கிறோம்.

வேன் வராத மாலை

என் மகள் மூன்றாம் வகுப்பில் படித்தபோது நடந்தது. பாளையங்கோட்டையில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாலு முப்பத்தைந்துக்கு வாசலில் நிற்க வேண்டிய பள்ளி வேன் ஐந்து மணிக்கும் வரவில்லை. ஓட்டுநரின் போன் அணைந்திருந்தது. பள்ளி அலுவலகத்தில் மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். வாய் 'இயேசப்பா, இயேசப்பா' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கட்டைவிரல் அதே நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேன் வந்தது. ரோட்டில் தண்ணீர் தேங்கி, சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மகள் இறங்கி, "அம்மா, நாங்க எல்லாரும் பாட்டு பாடிட்டு வந்தோம்" என்றாள்.

அன்று ராத்திரி ஸ்தோத்திரம் சொல்லிப் படுத்தும் தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. வேனில் ஓர் ஆயாவும் வருகிறார். அவர் நம்பர் என்னிடம் இல்லை. அதே வேனில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலு பேர் வருகிறார்கள். அவர்களுடைய அம்மாமாரில் ஒருவர் நம்பர்கூட என்னிடம் இல்லை. இவ்வளவு நேரம் நான் ஜெபமாக நினைத்துக்கொண்டு செய்தது, பூசாமல் விட்ட சந்தைப் பார்த்து அழுததுதான். ஆண்டவர் அந்த அழுகையையும் தள்ளிவிடவில்லை, அது அவருடைய இரக்கம். ஆனாலும் மறுநாள் காலை நான் செய்ய வேண்டிய வேலை தெளிவாக இருந்தது. ஆயா நம்பரை வாங்கினேன். ஐந்து அம்மாமார் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். மழை நாளில் வேன் எந்த வழியாகச் சுற்றிவரும் என்று ஓட்டுநரிடமே கேட்டு எழுதி வைத்தேன்.

இதற்குப் பிறகும் வேன் தாமதமானது உண்டு, அப்போதும் நெஞ்சு படபடக்கும். ஆனால் அந்தப் படபடப்பில் என் வேலை ஒன்றும் பாக்கி இருக்காது. அப்போது செய்கிற ஜெபம் குட்டையாக இருக்கும், உண்மையாக இருக்கும்.

கோடு போட்ட நோட்டு

அந்த வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இன்றுவரை ஏழெட்டு நோட்டு ஆகிவிட்டது. முறை மிக எளிது. பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் 'கீல்', வலப்பக்கம் 'நதி'. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவின பிறகு, படுக்கைக்குப் போகுமுன், பத்து நிமிடம். படுக்கையில் இதைச் செய்யாதீர்கள். இருட்டில் படுத்துக்கொண்டு யோசித்தால் எல்லாக் கவலையும் ஒரே உயரமாகத் தெரியும்.

அன்று மனதை அரித்ததை எழுதுங்கள். எழுதிவிட்டு ஒரே ஒரு கேள்வி: நாளைக்குப் பொழுது சாய்வதற்குள் என் கையால் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா? முடியுமானால் அது கீல். என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வினைச்சொல்லோடு எழுதுங்கள். 'கணக்கில் பின்தங்கியிருக்கிறான்' என்று எழுதினால் அது கவலை. 'வெள்ளிக்கிழமை கணக்கு ஆசிரியையைப் பார்க்க நேரம் கேட்பது' என்று எழுதினால் அது கீல். முடியாதானால் வலப்பக்கம். 'புதுப் பள்ளியில் இவளுக்கு நல்ல சிநேகிதி கிடைக்க வேண்டும்.' 'அவன் பெரியவனான பிறகும் ஆலயத்துக்குப் போவானா?' 'கல்யாணம் எப்படி அமையுமோ?' இவற்றுக்கு இன்று ராத்திரி உங்கள் கையில் கீல் இல்லை.

சில கவலை கோட்டின் இரண்டு பக்கமும் விழும். பிளஸ் டூ பொதுத்தேர்வு அப்படிப்பட்டது. பாடம் படிக்க அமைதியான ஓர் அறை, நேரத்துக்குச் சாப்பாடு, மார்ச் மாதத்தில் வீட்டுக்கு விருந்தாட்களை அழைக்காமல் இருப்பது, இதெல்லாம் இடப்பக்கம். வினாத்தாள், திருத்துகிறவர், மே மாதம் வரப்போகிற மதிப்பெண், இதெல்லாம் வலப்பக்கம். ஒரே கவலையைக் கோடரியால் பிளப்பதுபோல இரண்டாகப் பிளந்து எழுதிப் பாருங்கள். அதன் கனம் குறைவது கைக்கே தெரியும்.

வலப்பக்கத்தில் எழுதியதைத்தான் ஜெபத்தில் எடுத்துச் செல்கிறேன். பேதுருவின் முதலாம் நிருபத்தில் 5ஆம் அதிகாரம், கவலையை ஆண்டவர்மேல் வைத்துவிடச் சொல்லும் இடம் நமக்கெல்லாம் மனப்பாடம். கிரேக்க மூலத்தில் அங்கே வருகிற வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: எருசலேமுக்குப் போகும் வழியில் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்ட இடம், லூக்கா 19இல். இதை அறிந்த நாளிலிருந்து என் ஜெபம் மாறிவிட்டது. தோளில் கிடக்கிற துணியைக் கழற்றி இன்னொன்றின் முதுகில் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்தத் துணி நம் தோளில் இல்லை. அதன்மேல் அவர் அமர்ந்து போகிறார். நாம் வெறுந்தோளோடு பின்னால் நடக்கிறோம். வழியில் போய்த் துணியை உருவ முடியாது.

நோட்டில் வலப்பக்கம் ஒவ்வொரு வரிக்கும் எதிரே தேதி போட்டு வையுங்கள். சனிக்கிழமை ராத்திரி பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். நடந்து முடிந்ததற்கு ஒரு கோடிட்டு, ஒரு ஸ்தோத்திரம். எதற்காக அந்த வரியை எழுதினோம் என்றே மறந்துபோன வரிகளும் இருக்கும். அவற்றுக்கும் ஸ்தோத்திரம்.

காய்ச்சல் ராத்திரி

இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்லவே விரும்புகிறேன். ஜெபம் செய்கிறோம் என்பதற்காக மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

மகனுக்கு நாலு வயதில் ஒரு ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தது. நான் கட்டிலடியில் முழங்காலில் இருந்தேன். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, ஜெபத்த நான் பாத்துக்கிடுதேன். நீ எழும்பி வெதுவெதுன்னு தண்ணி கொண்டா, துணிய நனைச்சுத் தொட. விடிஞ்சதும் டாக்டர்ட்ட போவம்" என்றார்கள். அறுபது வருஷம் ஜெபித்த வாய் அது. எவர்சில்வர் கிண்ணத்தில் துணி நனைத்துப் பிழியும் சத்தமும் அவர்கள் முணுமுணுக்கிற சத்தமும் விடியும்வரை மாறி மாறிக் கேட்டன.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. பெரிய பிள்ளைக்கு டெங்கு இருக்குமோ என்ற சந்தேகம் உள்ள நாட்களில், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த நேரமே அபாயமாகக்கூடும். விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தக் கசிவு, பிள்ளை துவண்டுபோவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வண்டியில் போகும்போது ஜெபிக்கலாம்.

யவீருவின் வீட்டை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயது மகளை எழுப்பின கையோடு ஆண்டவர் சொன்ன அடுத்த காரியம், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பது. உயிரைத் தந்தவருக்குக் கஞ்சி தர முடியாதா? அதை அந்த வீட்டுக்காரர் கைக்கு விட்டார்.

குடும்ப ஜெபத்தில் பிள்ளை எதைக் கேட்கிறான்

நான் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய பிழை இது. மகன் ஆறாம் வகுப்பில் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கின வாரம், ராத்திரி ஜெபத்தில், "ஆண்டவரே, இவன் சொன்ன பேச்சு கேட்கிறதில்லை, எப்பவும் போன்லயே இருக்கான், இப்படியே போனா இவன் என்ன ஆவான்" என்று கண்ணீரோடு ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது அவன் பாயின் ஓரத்து நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். நான் பேசினது ஆண்டவரிடம் அல்ல, அவனிடம். அதுவும் அவன் பதில் பேச முடியாத நேரம் பார்த்து. 'என் அம்மா என்னைக் குறித்துப் பயப்படுகிறாள், ஆண்டவரிடமும் என்னைப் பற்றிப் புகார் சொல்லியாகிவிட்டது' என்பதைத்தான் அவன் அன்று கற்றுக்கொண்டான்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பெரியவர்களின் பயத்தைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு கொட்டுவது. குடும்ப ஜெபத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும், "உனக்காக என்ன சொல்லி ஜெபிக்கட்டும்?" என்று கேட்டு, அவன் சொன்ன வார்த்தையையே சொல்வது. முதல் வாரம் 'ஒண்ணுமில்ல' என்பான். விடாமல் கேளுங்கள். மூன்றாவது வாரம் என் மகன், "பஸ்ல ஒரு அண்ணன் என் பையைப் பிடுங்குறான், அது நிக்கணும்" என்றான். எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. ஒரு ஜெப விண்ணப்பத்திலிருந்து இடப்பக்கத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

இதோடு சேர்த்து இன்னொன்று. வாக்குத்தத்த அட்டையைப் பிள்ளை எடுக்கும்போது, நமக்குப் பிடித்த வசனம் வராவிட்டால், "வேற எடு" என்று சொல்லாதீர்கள். வந்த வசனத்தை உட்கார்ந்து வாசித்து விளக்குங்கள்.

ஜூன் மாதக் கட்டணம்

வனாந்தரத்தில் ஆண்டவர் மன்னாவை அன்றன்றைக்கு, ஆளுக்கு ஓர் ஓமர் என்று எடுக்கச் சொன்னார். மறுநாளைக்கு மிச்சம் வைத்ததில் புழு நெளிந்தது. இதை மட்டும் சொல்லி, சேமிப்பே விசுவாசமின்மை என்பவர்கள் உண்டு. அதே அதிகாரத்தில் ஆறாம் நாள் இரண்டு மடங்கு எடுக்கச் சொன்னதும், அது கெடாமல் இருந்ததும் எழுதியிருக்கிறது. வரும் என்று தெரிந்த செலவுக்கு முன்கூட்டி எடுத்துவைப்பது ஆறாம் நாள் வேலை. பள்ளிக் கட்டணம் ஜூனில் வரும் என்பது முந்தின ஜூலையிலேயே தெரியும். வங்கியில் ஓர் ஆர்.டி. போடுங்கள், சின்னத் தொகையானாலும். கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, வட்டிக்காக ஜெபிக்கும் நிலை வராமல் இருக்கட்டும்.

கவலை நோயாகும்போது

நோட்டு எழுதுகிறீர்கள், ஜெபிக்கிறீர்கள், ஆனாலும் இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் மார்பு இறுகுகிறது, பிள்ளையைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றால், உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது உடம்பையும் மனதையும் பிடித்த நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தேர்வு நேரத்தில் பிள்ளைகளும் அழைக்கலாம்.

எலியா சூரைச்செடியின்கீழ் சாகக் கேட்டுப் படுத்திருந்தபோது தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கவிட்டான். இரண்டாம் தரமும் சாப்பாடு கொடுத்தான். பேச்சு பிறகுதான் வந்தது. உங்கள் சபையில் ஓர் இளந்தாய் இப்படி இருந்தால், வசனம் சொல்லப் போகுமுன் ஒரு நேரத்துச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். அவள் குழந்தையை இரண்டு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாளையும் மறக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எருசலேமில் தொலைத்துவிட்டு, கூட்டத்தில் இருப்பான் என்று ஒரு நாள் பயணம் வந்துவிட்டு, உறவினரிடமெல்லாம் கேட்டு, திரும்பிப் போய், மூன்று நாளுக்குப் பிறகு தேவாலயத்தில் கண்டாள். தானும் அவன் தகப்பனும் எவ்வளவு தவித்துத் தேடினோம் என்று பிள்ளையிடமே சொன்னாள். அந்தத் தவிப்பை லூக்கா மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

நாம் கேட்டது நடக்காதபோது

ஆண்டவரிடம் ஒப்படைத்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று இந்த நூலில் எங்கும் நான் எழுதமாட்டேன். அது உண்மையல்ல. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரில் ஒரு குருவானவரின் மனைவி, சுசன்னா வெஸ்லி. 19 பிள்ளைகள் பெற்றார். ஏறக்குறையப் பாதிப்பேரைக் குழந்தைப் பருவத்திலேயே அடக்கம் செய்தார். 1709இல் வீடு தீப்பற்றி எரிந்தது. மாடியில் அகப்பட்ட ஐந்து வயது ஜானைச் சன்னல் வழியாக அக்கம்பக்கத்தார் இறக்கிக் காப்பாற்றினார்கள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் மெதடிஸ்ட் எழுப்புதலைத் தொடங்கின ஜான் வெஸ்லி.

இவ்வளவு இழந்த தாய் மிஞ்சின பிள்ளைகளை என்ன செய்தார் என்பதுதான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் ஒவ்வொரு பிள்ளைக்கு என்று ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை, சார்லஸுக்குச் சனிக்கிழமை. ஜான் வளர்ந்து ஊருக்குப் போன பிறகும் அந்த வியாழக்கிழமை மாலையை நினைத்துத் தாய்க்கு எழுதியிருக்கிறார். எந்தப் பிள்ளை எத்தனை நாள் தம்மோடு இருக்கும் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. வியாழக்கிழமை யாருடையது என்பது தெரியும்.

உங்கள் வீட்டில் இரண்டோ மூன்றோ பிள்ளைகள். வாரத்தில் ஆளுக்கு ஒரு அரைமணி நேரம், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. இடப்பக்கத்தில் எழுத வேண்டிய முதல் வரி இதுதான் என்பது என் எண்ணம்.

அளவு தெரியாமல் தைத்த சட்டை

பெட்டியை விட்ட பிறகு அந்தத் தாய் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று இல்லை. பிள்ளைக்கு என்ன நேரிடும் என்று பார்க்க அவன் தமக்கை தூரத்தில் நின்றாள். கையை எடுக்கலாம், கண்ணை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நின்றது தூரத்தில். பெட்டியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தால் பார்வோன் குமாரத்தியின் கண்ணில் பட்டிருப்பது பெட்டியாக இருந்திருக்காது.

மகளை வேலூரில் நர்சிங் விடுதியில் விட்ட வருஷம் இந்தத் தூரத்தின் அளவைத்தான் நான் கற்க வேண்டியிருந்தது. முதல் மாதம் நாளுக்கு ஐந்து முறை போன் செய்தேன். "சாப்டியா? என்ன சாப்ட? யாரோட போன?" ஒரு நாள் அவள், "அம்மா, நீங்க கூப்பிடும்போதெல்லாம் எனக்கு ஏதோ ஆயிருக்குமோன்னு எனக்கே பயமா இருக்கு" என்றாள். என் பயத்தை நானே போனில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு ராத்திரி ஒன்பதுக்கு ஒரு முறை, அவள் கூப்பிடுவாள் என்று முடிவு செய்தோம். அவசரமென்றால் எந்நேரமும். அந்த ஒன்பது மணிவரை என் வேலை வலப்பக்கத்தில் இருந்தது.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவள் அன்னாள். பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் ஆலயத்தில் விட்டுவிட்டு வந்தவள். வருஷம் ஒருமுறை பலியிடப் போகும்போது ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போவாள் என்று சாமுவேலின் முதலாம் புத்தகம் சொல்கிறது. அளவெடுக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை. போன வருஷத்துச் சட்டையை மனதில் வைத்துக்கொண்டு, இந்நேரம் தோள் இவ்வளவு அகன்றிருக்கும், கை இவ்வளவு நீண்டிருக்கும் என்று விரற்கடையால் கூட்டித்தான் வெட்டியிருப்பாள்.

ஒரு புதன்கிழமை ராத்திரி மகள் கூப்பிட்டாள். குரலில் களைப்பு. வார்டில் முதல் முறையாக ஒரு நோயாளி கண் முன்னால் இறந்திருக்கிறார். கொஞ்ச நேரம் அழுதாள். நான் வசனம் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், "அம்மா, இட்லிப் பொடி தீந்து போச்சு, வர்ற யார்ட்டயாவது குடுத்து விடுங்க. காரம் கொஞ்சம் கூட இருக்கட்டும், இப்ப எனக்குக் காரம் பழகிருச்சு" என்றாள்.

மணி பத்தாகியிருந்தது. நோட்டில் வலப்பக்கம் அவள் பெயரை எழுதி ஜெபித்தேன். இடப்பக்கம் 'பொடி' என்று எழுதிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து உளுந்தை வறுக்க ஆரம்பித்தேன். மிளகாய் வற்றலை எப்போதும் போடுவதைவிட ஒரு பிடி கூட்டி எடுத்தேன்.